‘அனுப்பினாள்’ என்பதைத் தர்க்கத்தில் எழுதுவது எப்படி?

‘கவிதா ராமுவுக்கு 500 ரூபாய் அனுப்பினாள்.’ தமிழ் தெரிந்த யாருக்கும் இது புரியும். இதையே குறியீட்டுத் தர்க்கத்தில் எழுது, அல்லது ஒரு கணினிக்குப் புரிகிற மாதிரி பதிவு செய் என்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பெயர்கள் தொந்தரவு தருவதில்லை. கவிதா ஓர் ஆள், ராமு ஓர் ஆள், 500 ஒரு தொகை. அந்த ‘அனுப்பினாள்’ எந்த வகையில் சேரும்?

பாடப்புத்தகம் சொல்லித்தரும் பதில் எளிது: வினை என்பது ஓர் உறவு. மூன்றை இணைக்கும் உறவு என்று வைத்துக்கொண்டு இப்படி எழுதிவிடலாம்.

அனுப்பினாள்(கவிதா, ராமு, 500)

அடைப்புக்குறிக்குள் முதல் இடம் அனுப்பியவருக்கு, இரண்டாவது பெற்றவருக்கு, மூன்றாவது தொகைக்கு. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் யாரும் இதோடு நிறுத்துவதில்லை. ‘கவிதா நேற்று ராமுவுக்கு 500 ரூபாய் அனுப்பினாள்’ என்றால் நான்கு இடம் வேண்டும். ‘யுபிஐ மூலம்’ என்று சேர்த்தால் ஐந்து. ‘பேருந்தில் இருந்தபடி’ என்றால் ஆறு. ‘கடனை அடைக்க’ என்றால் ஏழு. ஏழு இடமுள்ள உறவு ஒன்றை முதலிலேயே செய்து வைத்துவிடலாமே என்றால், நாளைக்கு யாராவது எட்டாவது தகவலோடு வந்து நிற்பார். பிரிட்டிஷ் தத்துவவாதி ஆன்டனி கென்னி 1963இல் இந்தச் சிக்கலைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்: ‘இவரைவிட அவர் பெரியவர்’ மாதிரியான உறவுகளுக்கு இரண்டு இடம் என்று நிலையாகச் சொல்லலாம், செயல்களுக்கு மட்டும் இடங்களின் எண்ணிக்கை நிற்பதே இல்லை.

எண்ணிக்கை கூடுவது வெறும் அசௌகரியம்தான். தர்க்கத்துக்கு உண்மையான அடி வேறு இடத்தில் விழுகிறது. ‘கவிதா நேற்று யுபிஐ மூலம் ராமுவுக்கு 500 ரூபாய் அனுப்பினாள்’ என்பது உண்மை என்றால், ‘கவிதா ராமுவுக்கு 500 ரூபாய் அனுப்பினாள்’ என்பதும் உண்மைதானே? குழந்தைகூடச் சொல்லும். ஆனால் ஐந்து இட உறவும் மூன்று இட உறவும் தர்க்கத்தின் கண்ணில் இரண்டு வேறு குறிகள். பெயர் ஒன்றாக இருப்பது நம் கண்ணுக்குத்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெற, ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

இன்னொரு கோளாறும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. கவிதா காலையில் ராமுவுக்கு 500 அனுப்பினாள், மாலையில் இன்னொரு 500 அனுப்பினாள் என்று வையுங்கள். அனுப்பினாள்(கவிதா, ராமு, 500) என்று இரண்டு முறை எழுதினாலும் தர்க்கத்தில் அது ஒரே உண்மைதான். ஒரு உண்மையை இரண்டு தடவை சொன்னதால் அது இரண்டாகிவிடாது. ஆக, ராமுவுக்கு வந்த ஆயிரத்தில் பாதி கணக்கிலேயே இல்லை.

டேவிட்சன் செய்தது

அமெரிக்கத் தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன் 1967இல் ஒரு கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் தத்துவ வகுப்புகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது: ஜோன்ஸ் என்பவர் மெதுவாக, வேண்டுமென்றே, குளியலறையில், கத்தியால், நள்ளிரவில் ஒரு ரொட்டித்துண்டுக்கு வெண்ணெய் தடவினார். ஏன் குளியலறை என்று கேட்கக் கூடாது. தத்துவவாதிகளின் உதாரணங்கள் அப்படித்தான் இருக்கும்.

டேவிட்சனின் யோசனை இது: செயலை, ஆட்களுக்கு இடையே ஓடும் கோடாகப் பார்க்காதே. ஆளைப் போல, ரொட்டியைப் போல, அந்தச் செயலும் உலகில் இருக்கிற ஒன்று. அதற்கும் ஒரு பெயர் வை. அப்புறம் மற்ற எல்லாத் தகவலையும் அந்தப் பெயரோடு ஒவ்வொன்றாகக் கோத்துக்கொள்.

நம் வாக்கியத்தை அவர் வழியில், அவருக்குப் பின்னால் வந்தவர்கள் செய்த திருத்தத்தோடு எழுதினால் இப்படி வரும். ‘நி’ என்பது நிகழ்வுக்கு வைத்த பெயர்.

நி என ஒன்று உண்டு. அனுப்புதல்(நி), செய்தவர்(நி, கவிதா), பெற்றவர்(நி, ராமு), பொருள்(நி, 500 ரூபாய்), காலம்(நி, நேற்று), கருவி(நி, யுபிஐ)

காற்புள்ளிகளை எல்லாம் ‘மற்றும்’ என்று படியுங்கள். அவ்வளவுதான் தந்திரம். இப்போது ‘பேருந்தில்’ என்று சேர்க்க வேண்டுமா? இடம்(நி, பேருந்து) என்று வாலில் ஒட்டினால் போதும், பழையது எதையும் தொட வேண்டியதில்லை. நேற்று, யுபிஐ இரண்டையும் விட்டுவிட வேண்டுமா? ‘அதுவும் இதுவும் உண்மை’ என்றால் ‘அது உண்மை’ என்பது தர்க்கத்தின் முதல் பாட விதி. இரண்டு துண்டுகளை உதிர்த்துவிடலாம். தனி விதி எதுவும் தேவைப்படவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு முறை அனுப்பினால் நி1, நி2 என்று இரண்டு நிகழ்வுகள்.

வங்கிகள் எந்தத் தத்துவமும் படிக்காமலே இதைச் செய்துவிட்டன என்பதுதான் வேடிக்கை. பணம் அனுப்பியதும் கைபேசியில் வரும் நீளமான பரிவர்த்தனை எண் என்ன? அது கவிதாவின் எண்ணும் அல்ல, ராமுவின் எண்ணும் அல்ல. அனுப்பிய அந்தச் செயலின் எண். டேவிட்சனின் ‘நி’ அதுதான்.

நாம் பேசும்போதும் செயலை ஒரு பொருளாகவே கையாளுகிறோம். ‘கவிதா பணம் அனுப்பினாள். அது அவள் அண்ணனுக்குத் தெரியாது.’ இந்த ‘அது’ எதைச் சுட்டுகிறது? பணத்தையும் அல்ல, கவிதாவையும் அல்ல. ‘இரண்டு தடவை அனுப்பினாள்’ என்று எண்ணுகிறோமே, எதை எண்ணுகிறோம்? எண்ணுவதற்கு ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும்.

உதிர்க்கக் கூடாத துண்டுகள்

இந்த முறை எதிர்மறை வாக்கியத்திலும் சரியாக நடந்துகொள்கிறது. ‘கவிதா யுபிஐ மூலம் அனுப்பவில்லை’ என்றால் ‘கவிதா அனுப்பவில்லை’ என்று ஆகாது. அவள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். தர்க்க வடிவமும் அதையே சொல்கிறது: இத்தனை தன்மைகளும் ஒருசேர உள்ள நிகழ்வு இல்லை என்பதால், அவற்றில் சிலது மட்டும் உள்ள நிகழ்வும் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

ஆனால் எல்லா அடைமொழியையும் இப்படி வாலில் கட்டிவிட முடியாது. ‘கிட்டத்தட்ட அனுப்பிவிட்டாள்’ என்பதை எடுங்கள். ‘கிட்டத்தட்ட’வை உதிர்த்தால் ‘அனுப்பிவிட்டாள்’ என்று வரும், அது பொய். அனுப்பியதாக ஒரு நிகழ்வே இங்கே இல்லை. ‘மெதுவாக’ என்பதும் வம்பு பிடித்தது. ஆங்கிலக் கால்வாயை ஒருத்தி நீந்திக் கடக்கிறாள். நீச்சல் என்று பார்த்தால் வேகம்; கால்வாயைக் கடந்ததாகப் பார்த்தால், கப்பலில் போனவர்களோடு ஒப்பிடும்போது, மெதுவு. நீந்தியதும் கடந்ததும் ஒரே நிகழ்வு என்றால் அது வேகமா, மெதுவா? டேவிட்சனே இதைப் பேசிவிட்டு, ‘மெதுவாக’வை மற்ற அடைமொழிகளோடு சேர்க்க முடியாது என்று ஒதுக்கி வைத்தார். ‘வேண்டுமென்றே’வும் அப்படித்தான் தனியாகப் போனது. அது செயலின் தன்மையை மட்டும் சொல்வதில்லை, செய்தவரின் மனத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

யார் செய்தது, எதனால், எங்கே

டேவிட்சன் முதலில் எழுதியபோது, செய்தவரையும் செய்யப்பட்ட பொருளையும் வினையின் அடைப்புக்குள்ளேயே வைத்திருந்தார். இன்னொரு தத்துவவாதி ஹெக்டர் காஸ்டன்யேடா அவற்றையும் வெளியே எடுத்துவிடலாமே என்றார். 1990இல் தத்துவவாதி டெரன்ஸ் பார்சன்ஸ் அந்த வழியில் ஒரு முழு நூலே எழுதினார். மேலே நான் எழுதிக்காட்டியது அந்தப் பிந்தைய வடிவம். இதில் வினைக்கு ஒரே ஓர் இடம்தான், அது நிகழ்வுக்கு. மற்ற எல்லோரும் ‘செய்தவர்’, ‘பெற்றவர்’, ‘கருவி’ என்ற பங்குகளின் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் எங்கோ பார்த்ததாகத் தோன்றும். ‘செய்பவன் கருவி நிலஞ்செயல் காலம் செய்பொருள் ஆறும் தருவது வினையே’ என்பது நன்னூல். ‘வனைந்தான்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டாலே குயவன், சக்கரம், வனையும் இடம், வனையும் செய்கை, கடந்த காலம், குடம் எல்லாம் வந்துவிடுகின்றன என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். தொல்காப்பியம் எட்டு சொல்கிறது: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். பாணினியின் வடமொழி இலக்கணத்தில் காரகங்கள், அதாவது வினையில் சேரும் பங்குகள், ஆறு. இதை வைத்துக்கொண்டு தொல்காப்பியர்தான் டேவிட்சனுக்கு முன்னோடி என்று கொடி பிடிக்க வேண்டியதில்லை. அவர்களுடைய கேள்வி வேறு, இவருடைய கேள்வி வேறு. ஆனாலும் அந்த எட்டில் வினையும் ஒன்றாக, பங்கேற்பவற்றோடு சமமாக உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் ஓர் இடம் உண்டு. வேற்றுமை உருபைப் பார்த்துப் பங்கைத் தீர்மானித்துவிடலாம் என்று தோன்றும். ஆல் வந்தால் கருவி, கு வந்தால் பெற்றவர் என்று. ‘சாவியால் திறந்தான்’ என்பதில் ஆல் கருவிதான். ‘சோழனால் கட்டப்பட்ட கோயில்’ என்பதில் அதே ஆல் செய்தவரைக் காட்டுகிறது. கு இன்னும் மோசம். ‘ராமுவுக்குக் கொடுத்தாள்’ என்றால் பெற்றவர்; ‘மதுரைக்குப் போனாள்’ என்றால் சேருமிடம்; ‘நூறு ரூபாய்க்கு வாங்கினாள்’ என்றால் விலை; ‘கவிதாவுக்குப் பசித்தது’ என்றால் அனுபவிப்பவர். பசித்ததற்குக் கவிதா ஒன்றும் செய்யவில்லை, அவளைச் ‘செய்தவர்’ கட்டத்தில் போட முடியாது. மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபில்மோர் 1968இல் ஆங்கிலத்தை வைத்து இதைத்தான் வலியுறுத்தினார்: மேலே தெரியும் வேற்றுமை வேறு, அடியில் இருக்கும் பங்கு வேறு.

சரி, பங்குகள் மொத்தம் எத்தனை? ஆறா, எட்டா, இருபதா? இதில் இன்றுவரை உடன்பாடு இல்லை, வரும் என்றும் நான் நினைக்கவில்லை. செய்தவர் என்ற ஒன்றையே எடுங்கள். ‘அரசன் கட்டிய கோயில்’, ‘தச்சன் கட்டிய கோயில்’ இரண்டையும் சொல்கிறோம். கல்லைத் தொட்டது யார்? நம் இலக்கணம் அரசனை ஏவுதற்கருத்தா என்றும் தச்சனை இயற்றுதற்கருத்தா என்றும் பிரித்து வைத்திருக்கிறது. ‘காற்று கதவைத் திறந்தது’ என்றால் காற்றுக்கு எண்ணமே கிடையாது, அதுவும் செய்தவரா? மொழியியலாளர் டேவிட் டவுட்டி 1991இல், கூர்மையான எல்லைக் கோடு போடுவதைக் கைவிட்டுவிட்டு, எண்ணத்தோடு செய்வது, மாற்றத்தை உண்டாக்குவது, தானே அசைவது என்று சில அடையாளங்களைச் சொல்லி, அவற்றில் அதிகம் பெற்றவரே செய்தவர் தன்மை கூடியவர் என்றார். தர்க்கத்துக்கு இது கொஞ்சம் தளர்வான பதில். உண்மைக்கு நெருக்கமானது இதுதான் என்பது என் கருத்து.

பொதுவான பங்குகள் எங்கே காலை வாரும் என்பதற்கு வாங்குவதும் விற்பதும் நல்ல உதாரணம். கடைக்காரர் பாலாவுக்கு ஒரு குடை விற்றார். பாலா அவரிடம் குடை வாங்கினான். நடந்தது ஒரே நிகழ்வு என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படியானால் விற்றல்(நி), வாங்குதல்(நி), செய்தவர்(நி, கடைக்காரர்), செய்தவர்(நி, பாலா). இதிலிருந்து வேண்டிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்தால் ‘கடைக்காரர் குடை வாங்கினார்’ என்று வந்து நிற்கும்! ஒன்று, இவை இரண்டு நிகழ்வுகள் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ‘செய்தவர்’ என்ற பொதுப் பெயரை விட்டுவிட்டு ‘வாங்கியவர்’, ‘விற்றவர்’ என்று அந்தச் செயலுக்கே உரிய பங்குகளை வைக்க வேண்டும். ஃபில்மோர் 1997இல் பெர்க்லியில் தொடங்கிய, ஆங்கிலச் சொற்களை அவை குறிக்கும் சூழல்வாரியாகத் தொகுக்கும் ஃபிரேம்நெட் திட்டம் இரண்டாவது வழியில் போகிறது.

ஆன்டாலஜிக்குள் வரும்போது

தர்க்கம் என்பது எழுதுவதற்கான மொழி. அந்த மொழியில் என்னென்ன வகைப் பொருள்களைப் பற்றிப் பேசப்போகிறோம், அவற்றுக்குள் என்ன உறவு என்று முன்கூட்டியே வகுத்து வைப்பதைத்தான் கணினித் துறையில் ஆன்டாலஜி என்கிறார்கள். தத்துவத்தில் இதே சொல்லுக்கு அகன்ற பொருள் உண்டு, அது நமக்கு இப்போது வேண்டாம்.

பெரும்பாலான பொது ஆன்டாலஜிகள் உலகை முதலில் இரண்டாக வெட்டுகின்றன. ஆள், குடை, வங்கி போல ஒவ்வொரு கணத்திலும் முழுதாக இருப்பவை ஒரு பக்கம். அனுப்புதல், திருமணம், மழை போலக் காலத்தில் விரிந்து நடப்பவை மறு பக்கம். கவிதாவுக்குக் கை, கால் உறுப்புகள். திருமணத்துக்கோ தொடக்கமும் நடுவும் முடிவும்தான் உறுப்புகள். 2021இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டு அமைப்பின் தரமாக ஏற்கப்பட்ட பிஎஃப்ஓ என்ற பொது ஆன்டாலஜி இந்தப் பிரிவின்மேல்தான் நிற்கிறது, இத்தாலியில் உருவான டோல்சேயும் அப்படியே. இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பாலம் ‘பங்கேற்கிறார்’ என்ற உறவு.

இதை நடைமுறையில் எழுதும்போது ஒரு கட்டுப்பாடு குறுக்கே வருகிறது. இணையத்தில் தரவுகளை இணைக்கப் பயன்படும் ஆர்டிஎஃப் முறையில் ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்றே துண்டுகள்தான்: ஒரு பொருள், ஓர் உறவு, இன்னொரு பொருள். ஆக, ஓர் உறவு இரண்டைத்தான் இணைக்கும். புதிதாக வருபவர்கள் அனுப்பிய விவரத்தை எல்லாம் கவிதாவின் மேலேயே ஒட்டுவார்கள்: கவிதா – அனுப்பியது – ராமுவுக்கு, கவிதா – தொகை – 500. அடுத்த நாள் அவள் மீனாவுக்கு 300 அனுப்புகிறாள். இன்னும் இரண்டு வரி சேர்கிறது. இப்போது ராமுவுக்குப் போனது 500ஆ 300ஆ? பதிவில் எங்கும் இல்லை. எந்தத் தகவலும் அழியவில்லை, இருந்தும் பதில் தொலைந்துவிட்டது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2006இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டது. அதன் சாரம் நமக்குத் தெரிந்ததுதான்: நடுவில் ஒரு புதிய பொருளை உண்டாக்கி, எல்லாவற்றையும் அதோடு கட்டு.

இன்னொரு தவறு ஆட்களை வகைப்படுத்துவதில் வரும். ‘அனுப்புநர்’ என்று ஒரு வகையைச் செய்து, அதை ‘மனிதர்’ என்ற வகையின் கீழே வைத்து, கவிதாவை அதற்குள் போட்டுவிடுவார்கள். மறுநாள் அவளுக்கு யாராவது பணம் அனுப்பினால்? மனிதர் என்பதைக் கவிதாவால் ஒருநாளும் விட முடியாது. அனுப்புநர் என்பது அந்தப் பரிவர்த்தனை இருக்கும் வரைக்கும்தான், அதுவும் அந்தப் பரிவர்த்தனையைப் பொறுத்துத்தான். ஆய்வாளர்கள் நிக்கோலா குவாரினோவும் கிறிஸ்டஃபர் வெல்ட்டியும் ஆன்டாலஜிகளைச் சோதிக்க வகுத்த முறையில் இந்த வேறுபாடு முக்கியமான ஒரு சோதனை. பங்கை ஆளின்மேல் எழுதாமல் நிகழ்வின் பக்கம் எழுதினால் பாதித் தொல்லை தீரும்.

அருங்காட்சியகக்காரர்கள் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறார்கள். சிடாக் சிஆர்எம் என்ற அவர்களுடைய ஆன்டாலஜி (2006இல் ஐஎஸ்ஓ தரமானது) ஓர் ஓவியத்தின்மேல் நேராக ‘வரைந்தவர்’ என்று எழுதவிடாது. ஓவியம், அதை உண்டாக்கிய நிகழ்வு, அந்த நிகழ்வை நடத்தியவர், எந்தப் பங்கில் நடத்தினார் என்று சுற்றி வர வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலை இதில் பதிவு செய்தால், ‘கட்டியவர்: ராஜராஜன்’ என்று ஒரு வரியில் முடியாது. கட்டிய நிகழ்வு ஒன்று, அதில் கட்டுவித்தவர் என்ற பங்கில் அரசன், தச்சர் என்ற பங்கில் கல்வெட்டு சொல்லும் ராஜராஜப் பெருந்தச்சன், காலத்தின் முடிவில் 1010. எழுத அலுப்பாகத்தான் இருக்கும்.

நாலு பேர் தூக்கிய பீரோ

முருகனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பீரோவை மாடிக்குத் தூக்கினார்கள். செய்தவர்(நி, முருகன்) என்று ஆளுக்கு ஒன்றாக நான்கு வரி எழுதினால், மூன்றை உதிர்த்துவிட்டு ‘முருகன் பீரோவைத் தூக்கினான்’ என்று பெறலாம். அவனால் தனியாக அசைக்கக்கூட முடிந்திருக்காது. இதுவரை நமக்கு உதவிய அதே உதிர்க்கும் விதி இங்கே பொய் சொல்ல வைக்கிறது. ஆகவே பலர், ஒரு நிகழ்வுக்கு ஒவ்வொரு பங்கிலும் ஒரே ஒருவர்தான் இருக்கலாம் என்று கட்டுப்பாடு வைக்கிறார்கள். அப்போது செய்தவர் நால்வர் அடங்கிய குழு. முருகன் அந்தக் குழுவின் உறுப்பினர், நிகழ்வில் ‘பங்கேற்றவர்’. நால்வரும் ஆளுக்கொரு இட்லி சாப்பிட்டார்கள் என்றால் கதை வேறு, அது நான்கு நிகழ்வுகள். ‘நால்வரும் பீரோவைத் தூக்கினார்கள்’, ‘நால்வரும் இட்லி சாப்பிட்டார்கள்’ என்று சொன்னால் வாக்கியத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றுதான், எது எது என்று உலகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நடக்காதவை

‘நி என ஒன்று உண்டு’ என்று தொடங்கினோம். நடக்காத செயலை அப்படித் தொடங்க முடியாது. ஆனால் நடக்காத செயல்களையும் பதிவு செய்யாமல் மென்பொருள் ஓடாது. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ சேர்ந்து 2011இல் தொடங்கிய, இணையப் பக்கங்களில் உள்ளதைத் தேடுபொறிகளுக்குப் புரியவைக்கும் ஸ்கீமா.ஆர்க் சொற்தொகுதியில் 2014இல் செயல் என்ற வகை வந்தபோது, செய்தவர், பொருள், கருவி, இடம் இவற்றோடு நிலை என்ற ஒன்றையும் வைத்தார்கள்: செய்யக்கூடியது, நடந்துகொண்டிருப்பது, முடிந்தது, தோற்றது. நிரலாளர்களுக்கு வசதி. தர்க்கம் படித்தவருக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் ‘செய்யக்கூடிய’ அனுப்புதல் ஓர் அனுப்புதலே அல்ல.

இதைக் கறாராகச் செய்கிறவர்கள் திட்டத்தைத் தனிப் பொருளாக எடுத்துவைப்பார்கள். ‘நாளை அனுப்புகிறேன்’ என்று கவிதா சொன்னால், சொன்னது இன்று உண்மையாக நடந்த ஒரு நிகழ்வு. அதன் உள்ளடக்கம், இன்ன மாதிரியான நிகழ்வு ஒன்று நடக்க வேண்டும் என்ற விவரிப்பு. நாளை அப்படி ஒன்று நடந்தால் அதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்து, விவரிப்பை நிறைவேற்றியதாக இணைப்பார்கள். தோற்ற செயலையும் அதே மாதிரிப் பிரிக்கலாம். கவிதாவின் கணக்கில் பணம் கழிந்து, ராமுவுக்குப் போய்ச் சேராமல் நின்றுவிட்டால், அனுப்ப முயன்றது ஒரு நிகழ்வு, கழிந்தது ஒரு நிகழ்வு. இரண்டும் நடந்தவை, இரண்டுக்கும் ஆளும் நேரமும் உண்டு. வரவு வைத்த நிகழ்வு என்று எதையும் எழுதக் கூடாது. பிறகு வங்கி பணத்தைத் திருப்பினால் அது பழைய நிகழ்வை அழிப்பதில்லை, மூன்றாவதாக ஒன்று சேர்கிறது, அதில் செய்தவர் வங்கி, பெற்றவர் கவிதா.